வேட்டியால் ஒரு தந்தப்பிடி

வலியசாலை, திருவனந்தபுரம்
8 ஜூன் 2025

அன்பு மருமகள் கிருஷ்ணவேணிக்கு,

ஓசூரில் நீயும் உன் சாணை இயந்திரமும் சண்டை சச்சரவில்லாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி உன் மாமா குற்றாலலிங்கம் எழுதுவது. இங்கே மழை தொடங்கிவிட்டது. உன் அத்தை உலகம்மைக்கு முழங்கால் வலி. எனக்கு உன் அத்தை வலி. மற்றபடி சுகம்.

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவது எவரும் நம்பாத கதை. கையில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்கிறேன், ஒருவரும் நம்பமாட்டார்கள். நீயும் நம்பாதே. நம்பாமல் முழுவதும் படி, அது போதும்.

சென்ற மாதம் விழிஞ்ஞத்தில் ஒரு கப்பல் வந்து நின்றது. அதன் மூக்கு துறைமுகத்தில் இருந்தபோது வால் இலங்கையில் இருந்தது. பெட்டி இறக்க வந்த கப்பல் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும். அதிலிருந்து இறங்கியவர் ஒரு மகாராஜா. எந்த நாட்டு ராஜா என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. பாரந்தூக்கியில் கட்டிலோடு தொங்கவிட்டு இறக்கி, வலியசாலை வரை ஊர்வலமாகக் கொண்டுவந்தோம். நம் வீட்டு முன்னறையில்தான் இப்போது தர்பார்.

பாவம், அவருடைய ராஜ்யத்தில் பெரிய கலகம். ஒரு காலையில் விழித்துப் பார்த்தால் வலது பாதி பிரிந்து போயிருந்தது. அந்தப் பக்கத்துக் கையும் காலும் கப்பம் கட்டுவதில்லை. நாக்கு என்கிற சேனாபதியும் எதிரியோடு சேர்ந்துகொண்டான். மிச்சமிருக்கும் இடது பாதியை வைத்துத்தான் ஆட்சி நடக்கிறது. கம்பீரத்துக்குக் குறைவில்லை. கஞ்சி ஆறியிருந்தால் அவர் பார்க்கிற பார்வையில் அடுப்பு தானாகப் பற்றிக்கொள்கிறது.

தாடிதான் பிரச்சினை. பொன்முடித் தேயிலைத் தோட்டம் மாதிரி சரிந்து சரிந்து வளர்ந்திருக்கிறது. சீப்பு விட்டால் கொண்டை ஊசி வளைவுகளில் மாட்டிக்கொள்கிறது, திரும்பி வர பஸ் இல்லை. நம் தங்கப்பன் சலூனைச் சாத்திவிட்டு வீட்டுக்கே வந்து பார்த்தான். மன்னர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடையில் விற்கும் பிளாஸ்டிக் ரேசரை நான் எடுத்தால் இடது கையை வாள் மாதிரி ஓங்குகிறார். ராஜ கன்னத்துக்கு ராஜ கத்தி வேண்டும் என்று புரிந்துகொண்டேன்.

ஆகவே மடக்குச் சவரக்கத்தி ஒன்று, உன் கையால் செய்தது. பிடி தந்தத்தில் இருக்க வேண்டும், ஆனை மனமுவந்து கொடுத்ததாக. போனில் பேசவேண்டாம், சபையில் மணி அடித்தால் மன்னருக்கு ஆகாது. கடிதம் எழுது.

உன் பதிலுக்காக வாசலில் நிற்கும்,
குற்றாலலிங்கம்
(பட்டத்து எழுத்தர், பகுதி நேரச் சமையல் உதவி)

•

ஓசூர்
17 ஜூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

வேணியின் வணக்கம். நான் நலம். சாணையும் நலம். அத்தையை மாடி ஏறவேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் ராஜா கதையில் ஒரு வார்த்தையும் நம்பவில்லை. நெய்யாறு அணை முதலைக்கு நீங்கள் கதகளி முத்திரை சொல்லிக்கொடுத்த கதையைவிட இது ஒரு மாற்றுக் குறைவு. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். கை கால் வராமல் போனது உங்களுக்கு இல்லையே? அத்தைக்கு இல்லையே? இரண்டு பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

தந்தம் கிடையாது. ஆனை பத்திரம் எழுதிக் கொடுத்தாலும் சட்டப்படி குற்றம்.

என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் அலகைப் பற்றித்தான் மணிக்கணக்கில் கேட்பார்கள். கையில் இருக்கப்போவது பிடி. மடக்கினால் அலகு போய்ப் படுக்கிற உறையும் அதுதான். அதனால் பிடியை முதலில் தீர்மானிக்கலாம். துண்டுகள் அனுப்பியிருக்கிறேன், ஆணித் துளையும் மேலே எண்ணும் போட்டிருக்கிறது. ஒன்று, எருமைக் கொம்பு: கன்னம் மாதிரி வழவழப்பு, ஆனால் உங்கள் ஊர் ஈரத்துக்கு முறுக்கிக்கொள்ளும். இரண்டு, கருங்காலி: அழகு, கனம். மூன்று, ரெசின்: கண்ணாடி மாதிரி ஒளி விடும், சோப்புக் கையில் வழுக்கும். நான்கு, அயனி: விழிஞ்ஞத்தில் படகு கட்டுகிற மரம், தண்ணீருக்குப் பயப்படாது. கையில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கரமனை வீட்டைப் பற்றி ஒன்றும் எழுதாததற்கு நன்றி. இனியும் எழுதவேண்டாம். டூல் ரூம் வேலையை விட்டுவிட்டு இதைச் செய்யப்போகிறேன் என்று நான் சொன்ன அன்று, "சவரக்கத்தி செய்யிறவ என் வாசப்படி ஏறாண்டாம்" என்றார் அப்பா. ஐந்து வருஷமாக ஏறவில்லை. பொதுப்பணித் துறையில் காலமெல்லாம் கோடு வரைந்து ஓய்வு பெற்றவர், போட்ட கோட்டை அழிக்கமாட்டார். நானும் அவர் மகள்தான்.

அத்தைக்கு என் அன்பு.

வேணி

•

வலியசாலை
2 ஜூலை 2025

அன்பு மருமகளுக்கு,

நானும் உன் அத்தையும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நான் நடக்கிறேன், அவள் ஆடுகிறாள். நீ சமயத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் பெட்டி வந்து சேர்ந்தது. தர்பார் கூடியது. மன்னருக்கு ரெம்யா என்று ஒரு தளபதி இருக்கிறாள். ஸ்கூட்டரில் வந்து இடது கைப் படைக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போவாள். "அங்கிளே, ஒந்நுகூடி முறுக்கிப் பிடிச்சே" என்று அவள் அதட்டினால் பக்கத்து வீட்டுக்காரர்களும் எதையாவது முறுக்கிப் பிடிக்கிறார்கள். ஆனால் மன்னர் மட்டும் பந்தைக் கொடுத்தால் பந்து தரையில், கரண்டியைக் கொடுத்தால் கரண்டி தரையில். "இஷ்டமுள்ள சாதனம் எந்தெங்கிலும் கொடுக்கூ" என்றாள் தளபதி. பிடித்த பொருளாகக் கொடுக்க வேண்டுமாம். உன் பெட்டியைத் திறந்தேன்.

எருமைக் கொம்பை முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கினார். கருங்காலியை என் கால்விரலில் போட்டார். விரல் வீங்கியதில் அதன்மேல் விமானம் இறக்க அனுமதி கேட்டு மனு வந்திருக்கிறது. ரெசினை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அது வழுக்கிக் கட்டிலுக்கடியில் போய் இப்போது பூனையின் பொறுப்பில் இருக்கிறது.

நான்காவது அயனி. அதைக் கொடுத்ததும் விரல்கள் மூடின. திறக்கவில்லை. தளபதி புறப்பட்டுப் போன பிறகும் திறக்கவில்லை. பிறகு மெதுவாக அதைக் கண்ணருகே கொண்டுபோனார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நீ போட்டிருந்த ஆணித் துளைக்குள் பார்த்தார். வாய் கோணி, நடுங்கி, திறந்து, ஒரு சொல் வந்தது.

"கோணல்."

சபை உறைந்தது. உன் அத்தை கையிலிருந்து நழுவிய தோசைக்கரண்டி அந்தரத்தில் நின்றது. இன்னும் இறங்கவில்லை, வீட்டில் தோசையே கிடையாது. பத்மநாபபுரம் அரண்மனை மணி ஆளில்லாமல் அடித்தது. பொன்முடியில் தேயிலை அந்த நிமிஷமே காய்ந்து, பொடியாகி, பாக்கெட்டுக்குள் போய் உட்கார்ந்தது.

இது என் அபிப்பிராயம் இல்லை, ராஜ வாக்கு. என் சொந்த யோசனை வேறு: சிரட்டையில் பிடி செய்தால் என்ன? உன் அத்தை தினமும் வீசுகிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்.

சபையின் சார்பில்,
மாமா

•

ஓசூர்
14 ஜூலை 2025

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம், கண்ணாடியும் போடுகிறேன்.

பேச்சே இல்லாத ராஜா எப்படிப் பேசினார்? மாட்டிக்கொண்டீர்கள். என் வேலையில் குறை சொல்ல வேண்டுமானால் உங்கள் பெயரிலேயே சொல்லுங்கள். கோபம் வராது. வந்தது, இப்போது இல்லை.

சிரட்டை வளைவு. அதிலிருந்து சுண்டுவிரல் நீளத்துக்குக்கூட நேரான துண்டு எடுக்க முடியாது. சிரட்டைப் பிடி போட்டால் கத்தி அகப்பையாகிவிடும்.

துளைக்கு வருகிறேன். கோபத்தோடு போய் துளைபோடும் இயந்திரத்தின் மேடையை அளந்து பார்த்தேன். ஒரு பக்கம் தலைமுடி அளவு சரிந்திருக்கிறது. எத்தனை நாளாகச் சரிந்திருக்கிறதோ. பிடியின் இரண்டு பலகையையும் கோத்து நிற்கிற ஆணி சாய்ந்தால் மடக்கும்போது அலகு பக்கவாட்டில் உரசும், விளிம்பு போகும். நல்லவேளை, இது வெறும் மாதிரித் துண்டு. ஆனால் மாமா, அந்தச் சரிவை வெறுங்கண்ணால் பார்ப்பது உங்களால் ஆகாத காரியம். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறவர் நீங்கள். பார்த்தது யார்?

இன்னொன்று. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் எண்ணுக்குக் கூப்பிட்டேன். யாரோ எடுத்தார்கள். பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. நான் "மாமா, மாமா" என்று கத்தினேன். கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிட்டார்கள்.

பிடியின் நீளமும் அகலமும் கையைப் பொறுத்தது. கத்தியைப் பிடிக்கப்போகும் கையை ஒரு வெள்ளைத் தாளில் பதித்து, சுற்றிப் பென்சிலால் வரைந்து அனுப்புங்கள். எல்லாரிடமும் கேட்பதுதான்.

அத்தை நலமா? வேறு யாருக்காவது உடம்பு சரியில்லையா?

வேணி

•

வலியசாலை
29 ஆகஸ்ட் 2025

அன்பு மருமகளுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். இங்கே எல்லாரும் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்?

மன்னர் வேட்டைக்குப் போயிருந்தார். வெள்ளைக் கோட்டு அணிந்தவர்கள் வசிக்கும் காடு. அங்கே அவர் நெஞ்சுக்குள் ஒரு புலி புகுந்து உறுமியது. ஊசி போட்டும் மூக்கில் காற்று ஊதியும் துரத்தினார்கள். உன் அத்தையும் நானும் முறைவைத்துக் காவல் இருந்தோம். புலி போய்விட்டது. ராஜா இளைத்துவிட்டார். கதையை இன்னும் பெரிதாகச் சொல்லலாம், இந்தத் தடவை கை ஓடவில்லை.

அயனித் துண்டு வேட்டைக்கும் போய்வந்தது. நர்ஸ் பிடுங்கப் பார்த்துத் தோற்றுப்போனாள்.

நீ கூப்பிட்டபோது போனை எடுத்தது அரண்மனைக் கிளி. பேசத் தெரியாத கிளி. ஆனால் வாசிக்கத் தெரியும். திரையில் பெயரைப் பார்த்து எடுத்திருக்கும்.

நீ கேட்ட தாள் இதோடு இருக்கிறது. கத்தியைப் பிடிக்கப்போவது நான்தான், என் கையைத்தான் வரைய வேண்டும் என்று தெரியும். ஆனால் தாளை விரித்ததும் மன்னர் தன் இடது கையைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்துவிட்டார். ராஜ கட்டளையை மீற நான் யார். கோட்டில் தெரியும் நடுக்கம் என் பென்சிலுடையது. அந்தக் கை அசையவே இல்லை. தாளைக் கண்டால் அதற்கு ஒரு மரியாதை.

மழையில் நனையாதே.

மாமா

•

ஓசூர்
3 செப்டம்பர் 2025

மாமாவுக்கு,

தாள் இன்று வந்தது. உடனே எழுதுகிறேன்.

மன்னரின் சுண்டுவிரல் நுனிக்கணுவில் வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது. அது தேர்க்கதவில் நசுங்கிய விரல் என்று நினைக்கிறேன். கிழக்கே கோட்டை பஸ் நிலையத்தில் புறப்பட்ட தேர், நல்ல கூட்டம். கதவு சாத்தும்போது ஒரு சின்னப் பெண் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருந்தாளாம். கூட வந்தவர் நடுவில் கையைக் கொடுத்துத் தடுத்தாராம். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை என்று கேள்வி.

கலகம் நடந்தது எந்த மாதம்? புலி மறுபடி வருமா? வெள்ளைக்கோட்டுக்காரர்கள் என்ன சொன்னார்கள்? டப்பாவில் வருகிற பச்சை நுரையை அவர் கன்னத்தில் போடாதீர்கள், தடித்துப்போகும். சாதாரணச் சோப்புதான். கஞ்சிக்குத் துவையல் தனியாக வைத்தால் தொடமாட்டார், ஓரத்தில் ஒட்டி வைக்க வேண்டும். அத்தைக்குத் தெரிந்திருக்கும்.

அயனியை விட்டுவிடலாம். வேறு யோசித்திருக்கிறேன். பழைய பருத்தித் துணியை அடுக்கி, ரெசினில் ஊறவைத்து, இரும்புத் தகடுகளுக்கு நடுவில் இறுக்கினால் கட்டையாகிவிடும். வெறும் ரெசின் மாதிரி வழுக்காது. நூலும் இருப்பதால் ஈரமானால்தான் கை இன்னும் நன்றாகப் பற்றும். மெருகிட்டால் பழந்தந்தத்தின் நிறம் வரும். தந்தம் கேட்டீர்களே, என்னால் கொடுக்க முடிந்தது அது. மன்னர் உடுத்து நைந்த வேட்டி ஒன்று அனுப்புங்கள். பச்சைக் கரை. அவரிடம் வேறு கரை இருக்காது.

இன்னொரு விஷயம். சவரக்கத்தி செய்கிறவள் வாசல்படி ஏறக்கூடாது என்று மன்னர் முன்பு ஓர் ஆணை போட்டிருந்தார். அது இன்னும் அமலில் இருக்கிறதா என்று சபையில் கேட்டு எழுதுங்கள். அவசரமில்லை.

அவசரமில்லை என்று எழுதிவிட்டேன். இருக்கிறது.

வேணி

•

வலியசாலை
12 செப்டம்பர் 2025

அன்பு மருமகளுக்கு,

எல்லாரும் சுகம், இந்தத் தடவை எல்லாரையும் சேர்த்தே சொல்கிறேன். கலகம் மே மாதத்தில். புலி இனி வராது என்கிறார்கள், மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்திருக்கிறார்கள். மன்னர் அதைச் செங்கோல் மாதிரி வைத்திருக்கிறார். துவையல் ஓரத்தில் ஒட்டப்படுகிறது.

வேட்டி அனுப்பியிருக்கிறேன். அதை எடுக்க நான் பட்ட பாட்டை எழுதினால் பரணி பாட வேண்டும். கொடியில் கிடந்ததை உருவி மடித்துக்கொண்டிருந்தபோது மன்னர் பார்த்துவிட்டார். நான் அதைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு, சும்மா குளிருக்கு என்றேன். செப்டம்பர் வெயிலில். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஐம்பது வருஷமாக என்னைப் பார்க்கிற அதே பார்வை.

ஆணை விஷயத்தையும் கேட்டேன். "அத்தான், அந்தப் பழைய உத்தரவு இருக்கே, அது இப்பவும் உண்டா?" எழுதும்போது கை தவறிவிட்டது, "மன்னர் பெருமானே" என்று வாசித்துக்கொள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு இடது கையைத் தூக்கி என் பக்கம் நீட்டினார். அனுமதி என்று ஓடிப்போய்க் குனிந்தேன். தாடியைச் சொறிந்துவிடச் சொன்னார்.

ஆகவே உத்தரவு ரத்தாகவில்லை. உறுதியாகவும் இல்லை. ஆனால் சட்டத்தை நான் நன்றாக ஆராய்ந்துவிட்டேன். அது கரமனை வீட்டு வாசல்படிக்குப் போட்ட உத்தரவு. வலியசாலை வேறு சமஸ்தானம். இங்கே படி என்னுடையது, காவல்காரனும் நான்தான், நான் பகலிலும் தூங்குகிறவன்.

மாமா

(அத்தை எழுதுவது: வேணி மக்களே, இந்த மனுசன் எழுதுறதை எல்லாம் நம்பிராத. ஆனா வேட்டி நெசம், தலைப்பாகையும் நெசம். பாக்க சகிக்கலை. நீ எப்ப வாறே?)

•

ஓசூர்
11 அக்டோபர் 2025

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

வணக்கம். நான் நலம். செங்கோல் எத்தனை பந்து தூக்குகிறது என்று எழுதவில்லையே.

வேட்டியை வெட்ட இரண்டு நாள் மனம் வரவில்லை. பிறகு வெட்டினேன். கரையையும் அடுக்கில் சேர்த்தேன், பிடியின் நீளத்துக்கு ஒரு பச்சைக் கோடு ஓடட்டும் என்று. முதல் கட்டையைத் திறந்து பார்த்தால், இறுக்கும்போது துணி நழுவிக் கோடு பாம்பு மாதிரி நெளிந்திருந்தது. வேறு யாருக்காவது என்றால் இதுவே அழகு என்று சொல்லி விற்றிருப்பேன். தூக்கி வைத்துவிட்டேன்.

மிச்சத் துணி இன்னும் ஒரு கட்டைக்குத்தான் போதுமாக இருந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு அடுக்கிலும் கரையை ஊசி குத்தி நிறுத்தினேன். ஊசியை எடுத்துவிட்டு இறுக்கினேன். காய்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வந்துவிட்டது. மேடையைச் சரிசெய்த பிறகுதான் ஆணித் துளை போட்டேன்.

தபாலில் அனுப்பவில்லை. தீபாவளி கழிந்த சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். அவரிடம் முன்கூட்டிச் சொல்லவேண்டாம். திரும்பிக்கொள்ளச் சுவர் பக்கத்திலேயே இருக்கிறது.

காவல்காரர் தூங்கிக்கொண்டிருக்கட்டும்.

வேணி

•

ஓசூர்
2 நவம்பர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

வந்து சேர்ந்தேன். நலம். அத்தை கட்டிக்கொடுத்த முந்திரிக்கொத்து இன்னும் இருக்கிறது.

என்னை உள்ளே விட்டுவிட்டு, காய்கறி வாங்க வேண்டும் என்று அத்தையைச் சாலைக் கடைவீதிக்கு இழுத்துக்கொண்டு ஓடினீர்கள். அத்தை ஒரு கையில் கத்தரிக்காயோடுதான் போனாள். அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன்.

சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்தார். நான் உங்கள் பாணியில் ஏதாவது சொல்லலாம் என்று யோசித்து வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு, "கத்தி கொண்டாந்திருக்கேன்ப்பா" என்றேன். மடக்கியபடியே அவர் இடது கையில் வைத்தேன். விரல்கள் மூடின. சுண்டுவிரல் வந்து உட்கார நான் குழித்திருந்த இடத்தில் சுண்டுவிரல் உட்கார்ந்தது.

பிறகு கண்ணருகே கொண்டுபோனார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பச்சைக் கோட்டை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். திருப்பி மறுபக்கம் பார்த்தார். ஆணியை நகத்தால் தடவினார். சின்ன வயதில் வீட்டுப்பாடத்தை நீட்டிவிட்டு நிற்பேனே, அப்படி நின்றேன். கத்தியை என் உள்ளங்கையில் திருப்பி வைத்தார். வைத்துவிட்டு, நாடியைத் தூக்கிக் கொடுத்தார்.

சவரம் செய்தேன். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது மாமா. வலது பக்கம் செய்யும்போது தோல் இழுபட்டதே தெரியவில்லை அவருக்கு. துடைத்துவிட்டபோது கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

எல்லாம் சரி. ஆனால் ஒரு சொல் சொல்லவில்லை. மறுநாள் புறப்படும்போதும் இல்லை. திட்டியிருந்தால்கூடப் போதும். ரெம்யாவிடம் கேட்டேன், இதுவரை ஒரு சொல்லும் வந்ததில்லை என்றாள். அத்தையும் தான் எதுவும் கேட்கவில்லை என்றாள். துளை கோணல் என்று அவர் கையால் காட்டியிருப்பார், சொன்னார் என்பது நீங்கள் சேர்த்த ஜரிகை. அப்படித்தானே? கோபமில்லை. அந்தச் சொல்லை நான்தான் நான்கு மாதமாக மனசில் வைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு தடவை உண்மையை எழுதுங்கள்.

அடுத்த மாதம் மறுபடி வருகிறேன். அலகைத் தீட்ட வேண்டியிருக்கும்.

வேணி

•

வலியசாலை
9 நவம்பர் 2025

அன்பு மருமகள் வேணிக்கு,

இங்கே நான், உன் அத்தை, உன் அப்பா மூவரும் சுகம். அங்கே உன் சுகம் எங்களுக்கு வேண்டும்.

உண்மை கேட்டிருக்கிறாய். எனக்குப் பழக்கமில்லாத வேலை, பொறுத்துக்கொள். கப்பல் பொய். அத்தானைக் கரமனையிலிருந்து ஆட்டோவில்தான் கூட்டிவந்தோம். என் கால்விரல் வீங்கியது உண்மையானாலும் விமானம் எதுவும் கேட்கவில்லை. பத்மநாபபுரத்தில் மணி அடிக்கவில்லை. கிளி இல்லை, எடுத்தது யார் என்று உனக்குத் தெரியும்.

உன்னிடம் சொல்லத்தான் முதல் நாளே போனை எடுத்தேன். அத்தான் இடது கையால் பிடுங்கிக்கொண்டார். என் கையைத் தன் தலைமேல் வைத்து, ஜாடையாலேயே சத்தியம் வாங்கினார், உன்னிடம் உண்மை எதுவும் சொல்லக்கூடாது என்று. அந்தக் கோலத்தில் நீ பார்க்கக்கூடாதாம். நான் சத்தியம் தவறாதவன். ஒரு வரிகூட உண்மை எழுதவில்லை. துண்டுகளைச் செய்தது யார் என்று அவரிடமும் நான் சொல்லவில்லை. சொல்லவேண்டியிருக்கவில்லை. அவற்றின் மேல் நீ எழுதியிருந்த எண்கள் அவர் வரைபடத்தில் எழுதுகிற எண்கள் மாதிரியே இருந்தன. நான்கைக் கண்டால் எனக்கே தெரிகிறது, அவருக்குத் தெரியாதா?

அந்த நான்காம் துண்டை இன்னும் திருப்பித் தரவில்லை. தலையணைக்கடியில் இருக்கிறது. துளை கோணல் என்று அதற்கு விடுதலை கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். இல்லை.

அந்தச் சொல்லுக்கு வருகிறேன். சபை கூடவில்லை. கரண்டி அந்தரத்தில் நிற்கவில்லை, உன் அத்தை பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். ரெம்யாவின் ஸ்கூட்டர் தெருமுனை தாண்டிவிட்டது. அறையில் நானும் அவரும்தான். அதைக் கேட்ட ஒரே ஆள் நான். ஊரிலே என் பேச்சுக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும். சும்மா எழுதினாலும் நம்பமாட்டாய், எனவே மணியையும் தேயிலையையும் சேர்த்து எழுதினேன்.

நீ கொண்டுவந்த பிடியைப் பார்த்து அவர் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்கிறாய். வேணி, நேரான கோட்டைப் பார்த்து நேராக இருக்கிறது என்று உன் அப்பா எப்போதாவது சொல்லி நீ கேட்டதுண்டா? கோணினால்தான் அவருக்குப் பேச்சு. நீ இந்தத் தடவை பேச ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

அடுத்த மாதம் வா. தாடி மறுபடி பொன்முடி ஏறத் தொடங்கிவிட்டது, தங்கப்பனைக் கண்டால் இப்போதும் முகத்தைத் திருப்புகிறார்.

நான் எழுதியதெல்லாம் பொய்தான். ஆனால் அயனித் துண்டைக் கண்ணருகே வைத்து, யாருக்கும் கேட்காத குரலில், "கோணல்" என்றார். அது நடந்தது.

உன் மாமா,
குற்றாலலிங்கம்